மிதிக்காத பெடல்

"மிதிச்சப்புறம் வண்டி கிளம்ப ஒரு கணம் யோசிக்குதுன்னு சொன்னீங்கல்ல? இனி மிதிக்கவே வேண்டாம். போகணும்னு நீங்க நினைச்சாலே போயிடும்" என்றார் மெக்கானிக் ஸ்டீபன்.

அந்த ஒரு கணம்தான் கிருபாகரனை மாதக்கணக்கில் அரித்துக்கொண்டிருந்தது. தன் ஸ்போர்ட்ஸ் காருக்கு ஏர் ஃபில்டரை மாற்றிப் பார்த்தான், ட்யூனிங் செய்து பார்த்தான். போதவில்லை. இப்போது, ஓட்டுபவரின் நினைப்பைப் படிக்கும் இந்தக் கருவி.

வீட்டுக்கு வந்து மனைவி பூங்கொடியிடம் பெருமையடித்துவிட்டு உடனே கிளம்பப் பார்த்தான். பைபாஸில் நண்பர்கள் காத்திருந்தார்கள்.

"புதுசா ஒண்ணு மாட்டியிருக்கீங்க. எலுமிச்சம்பழம் வைக்காம எடுக்காதீங்க" என்றாள் அவள்.

அவன் எஞ்சினை அணைக்காமல் உள்ளேயே உட்கார்ந்திருந்தான். அவள் நிதானமாகச் சக்கரங்களுக்கு அடியில் பழம் வைத்தாள். பிறகு காரின் முன்னால் குனிந்து சூடம் ஏற்றினாள். காற்றில் அணைந்தது. மறுபடி ஏற்றினாள். அதுவும் அணைந்தது. மூன்றாவது தீக்குச்சியை எடுத்தாள்.

கார் பாய்ந்தது.

பூங்கொடி எப்படியோ பக்கவாட்டில் உருண்டு தப்பினாள். கார் கேட்டில் இடித்து நின்றது. கிருபாகரன் வெளிறிப்போய் ஓடிவந்தான்.

"சத்தியமா நான் மிதிக்கவே இல்ல பூங்கொடி! கால் பெடல் மேலயே இல்ல!"

முழங்கையில் வழிந்த ரத்தத்தைத் துடைக்காமல் அவள் அவனையே பார்த்தாள்.

"மிதிச்சிருந்தீங்கன்னா, கால் தவறிடுச்சுன்னு நினைச்சிருப்பேங்க."