சேவல் இறகில் செய்த ஈ

மார்கழிக் குளிரில் மலையாற்றங்கரை விடுதிக்கு மீன் பிடிக்க வந்திருந்த அற்புதராஜ், இடுப்பளவு ஜில் தண்ணீரில் நின்று தூண்டிலை வீசினார். அதன் நுனியில் முள்ளை மறைத்துக்கொண்டு மிதந்தது, சேவல் இறகில் செய்த ஒரு பொய் ஈ.

நிஜ ஈ என்று நம்பி ஒரு ட்ரவுட் மீன் அதை லபக்கென்று கவ்வியது. அவர் இழுக்க, அது இழுக்க, பாசியில் கால் வழுக்கி அவர் தொபுக்கடீர் என்று விழுந்தார். மீன் வாயிலிருந்து கழன்ற ஈ, சர்ரென்று பறந்து வந்து அவருடைய ஸ்வெட்டரிலேயே மாட்டிக்கொண்டது.

தப்பித்த மீன் பாறை இடுக்கிலிருந்த நண்டிடம் மூச்சிரைக்கச் சொன்னது: "ஒரு மனுஷனையே இழுத்துப் போட்டுட்டேன்டா! இந்தப் பாறை மாதிரி இருந்தான். பாவம்னு விட்டுட்டேன்."

விடுதியில் கணப்பு முன்னால் உட்கார்ந்து, பல் கிடுகிடுக்க அற்புதராஜ் மேனேஜரிடம் இரண்டு கையையும் விரித்தார். "இவ்ளோ பெரிய மீனுங்க! அதுதான் என்னை உள்ளே இழுத்துடுச்சு." ஒவ்வொரு தடவை சொல்லும்போதும் கை இன்னும் கொஞ்சம் விரிந்தது.

கணப்பின் மேல் கொதித்துக்கொண்டிருந்த கெட்டில், மூடி தடதடக்கச் சிரித்தது. ஸ்வெட்டரில் தொங்கிய ஈயைப் பார்த்து, "நீ கூடவே இருந்தியே, நிஜமா என்னதான் நடந்துச்சு?" என்று கேட்டது.

ஈ தன் ஈர இறகைச் சிலுப்பிக்கொண்டது.

"ரெண்டு பேரையும் பிடிச்சது நான்தான். ஒண்ணு நழுவிப் போயிடுச்சு. இன்னொண்ணைத்தான் இங்கே கொண்டுவந்து, நெருப்புப் பக்கத்துல காயப் போட்டிருக்கேன்."