முதல் நம்பர்

“அந்த ‘ஆர்டர் செய்க’ பட்டன் வேணாங்க, எடுத்துடுங்க,” என்றான் ராஜ்குமார். மேசையில் கவிழ்த்து வைத்திருந்த அவனுடைய போன் மறுபடி அதிர்ந்தது. எடுத்துப் பார்த்தான். அப்பா. பழையபடி கவிழ்த்து வைத்தான்.

கவிப்ரியா தஞ்சாவூரில் சின்ன வியாபாரிகளுக்கு இணையதளம் செய்து தருகிறவள். ராஜ்குமாரின் தூயமல்லி அரிசிக்கு ஒரே ஒரு பக்கம், அதை இன்றைக்குத் திறந்துவிட வேண்டும். பார்த்தவுடன் பணம் கட்ட வைப்பதா, நம்பரை மட்டும் வாங்கிக்கொண்டு பிறகு பேசி விற்பதா என்பதிலேயே காலைப்பொழுது போய்விட்டது.

ஆசை வந்த நேரத்தில் பணம் கட்ட வழியில்லாவிட்டால் ஆள் வேறு கடைக்குப் போய்விடுவான் என்பது அவள் கட்சி. முன்பின் தெரியாதவனை நம்பி, பார்க்காத அரிசிக்கு யார் முன்பணம் கட்டுவார்கள் என்பது இவன் கட்சி. இரண்டு கட்சியிலும் நியாயம் இருந்தது. அரிசி மட்டும் இன்னும் வயலில் கதிராக நின்றது.

“நம்பரைக் கொடுக்கட்டும், நான் பேசிக்கிறேன். மனுஷனுக்கு மனுஷன் நாலு வார்த்தை பேசினா போதுங்க, வித்துடும்.”

“உடனே பேசணும் சார். ஆறிப்போச்சுன்னா அப்புறம் திரும்பிப் பார்க்க மாட்டாங்க.”

“பத்து நிமிஷத்துல பேசுவோம்னு போடுங்க.”

சென்னை வேலை போய் ஊர் திரும்பியதிலிருந்து ராஜ்குமாருக்கு எதிலும் மனம் ஒட்டவில்லை. சாப்பாடு ருசிக்கவில்லை, கோபம்கூட வரவில்லை. இந்த அரிசி ஒன்றுதான் மிச்சம். இந்தச் சம்பாவை நேரடியாக விற்றுக் காட்டாவிட்டால், ஒரத்தநாட்டுப் பக்கம் இருக்கிற நிலத்தைக் குத்தகைக்கு விட்டுவிடுவதாக அப்பா தியாகேசன் கறாராகச் சொல்லியிருந்தார். அவரிடம் பேச இவனிடம் ஒன்றும் இல்லை. நாலு பேர் கேட்கட்டும், அப்புறம் பேசிக்கொள்ளலாம் என்று இருந்தான்.

கவிப்ரியா பட்டனை எடுத்துவிட்டு ஒரே ஒரு கட்டம் வைத்தாள். பெயர், ஊர் என்று கேட்டுக்கொண்டிருந்தால் ஜனங்கள் சலித்துப் போய்விடுவார்களாம், நம்பர் மட்டும் போதுமாம். நண்பர்கள் குரூப், காலேஜ் குரூப், ஊர் குரூப் என்று ஒன்று விடாமல் பக்கத்தை அனுப்பி வைத்தான் ராஜ்குமார்.

வெளியே நேற்று பிடித்த மழை இன்னும் விடவில்லை. தை மாதத்தில் இப்படி ஒரு மழையா என்று டீ கொண்டுவந்தவர்கூட அலுத்துக்கொண்டார்.

“நமக்கு நல்லதுதான் சார்,” என்றாள் கவிப்ரியா. “வெளிய போக முடியாம எல்லாரும் போனும் கையுமா உட்கார்ந்திருப்பாங்க.”

கவிழ்த்திருந்த போன் இன்னொரு முறை அதிர்ந்து அடங்கியது. இந்த முறை அவன் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை.

டீ ஆறுவதற்குள் கம்ப்யூட்டரில் ‘டிங்’ என்று சத்தம் வந்தது. முதல் நம்பர் விழுந்துவிட்டது. கவிப்ரியா கைதட்டினாள். சந்தோஷம் வர வேண்டிய இடத்தில் ராஜ்குமாருக்கு ஒன்றும் வரவில்லை. ஆனாலும் வியாபாரத்துக்கென்று வாங்கிய புதுப் போனை எடுத்து, திரையைப் பார்த்துப் பார்த்து நம்பரைத் தட்டினான்.

முதல் மணியிலேயே எடுத்துவிட்டார்கள்.

“வணக்கங்க. தூயமல்லி அரிசி கேட்டிருந்தீங்க. எத்தனை கிலோ வேணும்ங்க?”

அந்தப் பக்கம் மழைச் சத்தம் கேட்டது.

“நெல்லு பூரா சாஞ்சு தண்ணிக்குள்ள கெடக்கு தம்பி. விடிஞ்சதுலேருந்து கூப்பிடுறேன், நீ எடுக்கல,” என்றார் தியாகேசன். குரலில் கோபமே இல்லை.

“ஊர் குரூப்புல பார்த்தேன், பத்து நிமிஷத்துல பேசுவேன்னு போட்டிருந்த. அதான் நம்பரைப் போட்டேன்.”