மூலையில் இரண்டு புள்ளிகள்

கம்ப்யூட்டர் சிப்புக்கு வரைபடம் போடுகிறவர்கள், காலியாகக் கிடக்கும் மூலையில் மேலிடத்துக்குத் தெரியாமல் எதையாவது கிறுக்கிவைப்பார்கள். எபனேசர் தன் முதல் சிப்பில் ஒரு குடையையும் அதன் கீழே தானும் மனைவி பியூலாவும் நிற்பதையும் வரைந்தார். மைக்ரோஸ்கோப்பில் குனிந்து பார்த்த பியூலா, "இத யாருங்க பாக்கப்போறா?" என்றாள்.

"பாக்காட்டி என்ன, ஆயிரம் பேரு வீட்டுல நாம நிப்போம்ல."

இரண்டு வருடத்துக்கு ஒரு புது சிப் வந்தது. ஒவ்வொன்றிலும் சுற்றுகளின் நெரிசல் இரட்டித்தது, காலி மூலை சுருங்கியது. முதலில் குடை போயிற்று, பிறகு கைகால்கள். பியூலா இறந்த வருடம் இரண்டு புள்ளிகள்தான் மிஞ்சியிருந்தன. அதன் பிறகும் அவர் இரண்டையும் விடாமல் வைத்துவந்தார்.

இன்று வரைபடத்தைச் சரிபார்க்கும் தாமரைச்செல்வி அவரைக் கூப்பிட்டாள். "சார், இந்த மூலையில ரெண்டு புள்ளி ஒண்ணோட ஒண்ணு ஒட்டுற மாதிரி இருக்கு. தள்ளிவைக்கவும் இடமில்ல. ஒண்ண எடுத்துடவா?"

எபனேசர் திரையில் அந்த மூலையைப் பெரிதாக்கிப் பார்த்தார்.

"இடது பக்கம் இருக்கிறத எடுத்துடும்மா" என்றார்.

குடைக்குக் கீழே இடது பக்கம் நின்றது அவர்தான்.