மூன்று புள்ளிகள்

விண்வெளியில் மிதக்கப்போகும் ஓர் உலோக வளையம் வெயிலில் எப்படி விரியும் என்று கணினியில் பார்ப்பது என் வேலை. அதை எதுவும் தாங்குவதில்லை. எங்கேயும் பிடிக்காமல் விட்டால் அது திரையில் நழுவிப் போய்விடும், கணக்கு நின்றுவிடும். இறுக்கிப் பிடித்தால் இல்லாத அழுத்தத்தைக் காட்டும். மூன்றே புள்ளிகளில், நழுவாத அளவுக்கு மட்டும் பிடிக்க வேண்டும். சரியாகப் பிடித்திருந்தால் அந்தப் புள்ளிகளில் விசை பூஜ்யம்.

காலையிலிருந்து எனக்குப் பூஜ்யம் வரவில்லை.

பெண்கள் விடுதி வார்டன் மறுபடியும் போனில் கூப்பிட்டார். "படிவத்துல பாதுகாவலர் பேரு காலியா இருக்கும்மா. அஞ்சு மணிக்குள்ள சொல்லலன்னா ரூமை வேற ஆளுக்குக் குடுத்துருவேன்."

கணவன் வீட்டை விட்டு வந்து மூன்று நாளாகிறது. அண்ணனைக் கேட்டேன்.

"என் பேரையே போடு. ஆனா ஞாயித்துக்கிழமை மாப்பிள்ளையோட உக்காந்து பேசணும்."

போனை வைத்துவிட்டேன். எழுந்தேன், உட்கார்ந்தேன், மறுபடியும் எழுந்தேன். மணி நாலே முக்கால். அடுத்த மேசை ரோஸ்லினிடம் கேட்டேன்.

"போட்டுக்கடி. ஆதார் நம்பரும் வேணுமா?"

"ஏன்னு கேக்க மாட்டியா?"

அவள் என் திரையை எட்டிப் பார்த்தாள். "ரெண்டாவது புள்ளிய வேண்டாத பக்கமும் கட்டி வச்சிருக்க. மொதல்ல அத அவுத்து விடு."

அவிழ்த்தேன். கணக்கு ஓடத் தொடங்கியது. விடுதிக்கு அவள் பெயரைச் சொன்னேன். பிறகும் உட்கார முடியவில்லை. விசையின் எண்கள் பூஜ்யத்தை நோக்கி இறங்குவதை நின்றபடியே பார்த்துக்கொண்டிருந்தேன், நடுநடுவே ரோஸ்லினின் முகத்தையும்.