மனு வரிசையில் போட்ட ஊசி

சிறையில் கணவனைப் பார்க்க மனுப் போடும் பெண்களுக்கு புதிதாக வந்த எச்.ஐ.வி. தடுப்பு ஊசியை ஆண்டுக்கொரு தடவை போட்டார்கள். பூங்கோதையும் போட்டுக்கொண்டாள். கணவன் ஏகாம்பரத்தைச் சந்தேகப்பட்டதுபோல் ஆகுமே என்று கூசி அவனிடம் சொல்லவில்லை.

இன்று கண்ணாடிக்கு அப்பால் அவன் அழுதான். "உள்ள பச்சை குத்தினேன் கோதை. அந்த ஊசியால எச்.ஐ.வி. வந்துடுச்சு. ஆறு மாசம் முன்ன பரோல்ல வீட்டுக்கு வந்தப்பவே இருந்திருக்குமாம். உனக்கும்..."

அடுத்த ஊசிக்காகக் காலையில் வாசலிலேயே ரத்தம் எடுத்து, எச்.ஐ.வி. இல்லை என்று கொடுத்த ரிப்போர்ட் அவள் கையில் இருந்தது. அதைக் கண்ணாடியில் வைத்து அழுத்தினாள்.

"எனக்கு ஒண்ணுமில்லைங்க. போன வருஷமே தடுப்பு ஊசி போட்டுக்கிட்டேன்."

ஏகாம்பரம் எழுத்துக்கூட்டிப் படித்தான். பிறகு நெஞ்சு நிறைய மூச்சுவிட்டான். அவளுக்கும் அப்போதுதான் மூச்சு வந்தது.

"அழுதது போதும். உங்களுக்கு மாத்திரை கொடுக்கிறாங்களா, இல்லையா?"