படத்தில் பிறந்தவள்

நடிகைக்கு எழுபத்தொரு வயது. தன் பாட்டைத் தானே பாடி, இருநூறு படங்களில் நடித்தவர். கல்யாணம் ஆகவில்லை, குழந்தையும் இல்லை. ஐந்து வருடமாகத் தங்கை வீட்டு முன்னறையில் கட்டிலே கதி.

செவ்வாய்க்கிழமை காலை நாற்பது வயதுப் பெண் ஒருத்தி வந்து கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். யாரோ ரசிகை என்று நினைத்து, தங்கை தண்ணீர் எடுக்கப் போனாள்.

"என்னைத் தெரியுதாம்மா?"

"யாரும்மா நீ?"

"கையில குழந்தையை வெச்சுக்கிட்டு ஒரு தாலாட்டுப் பாடுனீங்களே. அந்தக் குழந்தை."

நடிகைக்குச் சிரிப்பு வந்தது. அன்று குழந்தை கிடைக்காமல், ஒரு சின்னத் தலையணையைத் துணியில் சுற்றிக் கொடுத்திருந்தார்கள்.

"அது தலையணைம்மா."

"தெரியும். டைரக்டர் கட் சொன்னதும் கீழே வெச்சுட்டுப் போயிட்டீங்க. திரும்பிக்கூடப் பார்க்கல."

அவள் கோபமாகச் சொல்லவில்லை. நடிகை கையை ஊன்றி மெல்ல எழுந்து உட்கார்ந்தார்.

"அன்னிக்கு மூணு ஷூட்டிங். ரொம்ப அசதிம்மா."

"இப்பவும் அசதியாத்தான் இருக்கீங்க."

"ஆமா."

"படுத்துக்கோங்க."

தங்கை தண்ணீரோடு திரும்பியபோது, அந்தப் பெண் அக்காவின் தலையை மடியில் வைத்துப் பாடிக்கொண்டிருந்தாள். அது அக்காவின் குரல். நாற்பது வருடத்துக்கு முந்தைய குரல். மாதக்கணக்காகத் தூக்கமே வராத அக்கா, வாய் லேசாகத் திறந்திருக்க, அயர்ந்து தூங்கிக்கொண்டிருந்தார்.

தங்கை தட்டை மேசையில் வைத்தபோது டம்ளர் இடித்துச் சத்தம் கேட்டது. அந்தப் பெண் நிமிர்ந்து பார்த்தாள்.

"மெதுவா சித்தி," என்றாள். "இப்பத்தான் கண் அசந்தாங்க."