முழங்காலுக்குக் கீழே

“இந்தப் படத்துல சமையல்காரம்மாவோட முகத்தைக் கண்டுபிடிங்க பார்க்கலாம், அங்கிள்” என்று டேப்லெட்டை நீட்டினான் ரயான்.

சூசைநாதன் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்தார். அவர் பிறப்பதற்கு முன்பே வந்த குட்டிக் கார்ட்டூன் அது. ஒரு வாத்து சமையலறையைத் துவம்சம் செய்தது. துடைப்பத்தோடு இரண்டு கறுத்த கால்கள் அதைத் துரத்தின.

“முகமே வரலியேப்பா. முழங்கால் வரைக்கும்தான் காட்டறான்.”

“அதுதான் விஷயம். கறுப்பா இருக்கிற பொம்பளைன்னா வேலைக்காரி. வேலைக்காரிக்கு முகம் எதுக்குன்னு விட்டுட்டாங்க. இந்த மாதிரிப் படத்தையெல்லாம் பார்த்து, முன்னாடி ஒரு எச்சரிக்கை எழுதிப் போடறதுதான் என் வேலை.”

விஜயநகரில் இருந்த சூசைநாதன் வீட்டுக்கு அம்மா மோலியோடு ரயான் வந்தது அவர் மகள் நிக்கோலைப் பெண் பார்க்க. மோலி அவளைச் சர்ச்சில் பார்த்துப் பேசி, பிடித்துப்போய், நம்பர் வாங்கி வந்திருந்தாள். இரண்டு மாதமாக மெசேஜ் மட்டும்தான். அவளுடைய குறும்பான பதில்களிலேயே அவன் விழுந்துவிட்டான்.

‘போட்டோ அனுப்பட்டுமா?’ என்று அவள் கேட்டபோது, ‘வேண்டாம். நிறம் பார்த்து முடிவு செய்யும் ஆள் நான் இல்லை’ என்று எழுதினான். ‘நான் ஆளை நேரில் பார்த்துவிட்டுத்தான் சரி சொல்வேன்’ என்று பதில் வந்தது. அந்தச் சரியை வாங்காமல் இன்று கிளம்பக்கூடாது என்று இருந்தான்.

நீல ரப்பர் செருப்பு போட்ட இரண்டு கறுத்த கால்கள் டீப்பாய் அருகே வந்து நின்றன. தண்ணீர் டம்ளர்கள் இறங்கின.

“தேங்க்ஸ்மா” என்றான் ரயான், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

சூசைநாதன் ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். அதற்குள் ரயான் அடுத்த கார்ட்டூனை ஓடவிட்டான். மோலி அவன் தொடையில் கிள்ளினாள். சத்தமாகப் பேசுகிறோம் போலிருக்கிறது என்று குரலைத் தணித்துக்கொண்டான்.

“இதைப் பார்த்துச் சிரிச்சு வளர்ந்தவங்கதான் நாங்க. தப்பா எதுவும் தோணலையே” என்றார் சூசைநாதன்.

“தோணாது அங்கிள். பழகின கண்ணுக்கு எதுவும் தெரியாது.”

மறுபடி நீலச் செருப்பு. இந்த முறை அச்சுமுறுக்குத் தட்டு.

“அந்த அம்மாவுக்குப் பேராவது உண்டா?” என்றது ஒரு குரல்.

“கிடையாது. யாரும் வைக்கல” என்றான் ரயான், முறுக்கை எடுத்துக்கொண்டே.

“யாரும் கேக்கவும் இல்லையா?”

“யார் கேப்பா?”

மோலி மறுபடி கிள்ளினாள், நகம் பதிய. அவன் சற்றுத் தள்ளி உட்கார்ந்தான்.

கடைசியாகக் காபி வந்தது.

“சர்க்கரை போதுமா?”

“போதும்மா. அங்கேயே வச்சிட்டுப் போங்க.”

செருப்புச் சத்தம் உள்ளே போனது. ரயான் டேப்லெட்டை மூடிவிட்டு நிமிர்ந்தான். சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டான்.

“உங்க வீட்ல வேலை செய்யறவங்க நல்லா கேள்வி கேக்கறாங்க அங்கிள். சரி, நிக்கோலைக் கூப்பிடலாமா?”

மோலி தலையில் கை வைத்துக்கொண்டாள்.

“ஹௌதா? அப்படியா?” என்றார் சூசைநாதன், சிரிப்பை அடக்கிக்கொண்டு. “வேலைக்கு வர்ற பசம்மா இன்னிக்கு லீவாச்சே தம்பி.”

சமையலறையிலிருந்து அதே குரல் வந்தது. “அப்பா, அவரை இருக்கச் சொல்லுங்க, இன்னொரு காபி கொண்டுவரேன். இந்தத் தடவை, நிக்கோலுக்கு முகமும் உண்டுன்னு முன்னாடியே ஒரு எச்சரிக்கை எழுதிப் போட்டுக்கச் சொல்லுங்க.”